விவாகரத்துப் பத்திரத்தை ஏன் கிழிக்கிறார்கள்?

தமிழ் சினிமாவில் விவாகரத்துப் பத்திரம் என்பது பெரும்பாலும் கிழிக்கப்படுவதற்காகவே தயாராகும் பொருள். வக்கீல் தயாரிக்கிறார், கணவன் கையெழுத்திடுகிறான், மனைவி கையில் வாங்குகிறாள், பின்னணி இசை மாறுகிறது, காகிதம் நாலாகிறது. கிழியாமல் தப்பித்து, நீதிமன்ற முத்திரை வாங்கி, அதற்குப் பிறகும் இரண்டு பேர் அரிசி பருப்பு வாங்கி வாழ்ந்த கதைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை நான் ரசிகனாக மட்டும் சொல்லவில்லை. பெண்களுக்கான ஒரு மாதமிருமுறை இதழில் எட்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே என் பொறுப்பில் இருந்தவற்றுள் ஒன்று சட்டக் கேள்வி-பதில் பகுதி. வரும் கடிதங்களைப் பிரிப்பது, ஆறு பக்கக் கடிதத்தை ஆறு வரிக் கேள்வியாக்குவது, பெயரையும் ஊரையும் எடுத்துவிடுவது, பதில் சொல்லும் வக்கீல் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டு எழுதுவது. அவர் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் கிடைப்பார். பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். 'எழுதிக்கோப்பா' என்று ஆரம்பிப்பார்.

அந்த ஆறு பக்கங்களில் நான் வெட்டி எறிந்த ஐந்தே முக்கால் பக்கங்களில்தான் இலக்கியம் இருந்தது என்பது வேறு விஷயம். இங்கே சொல்ல வருவது, அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி. 'ஆறு மாசம் பிரிஞ்சிருந்தா தானா டைவர்ஸ் ஆகிடுமா?' 'கோர்ட்ல குழந்தையக் கூண்டுல ஏத்தி அம்மாவா அப்பாவான்னு கேப்பாங்களா?' 'நான் தாலியைக் கழட்டிட்டா கேஸ் தோத்துடுமா?' இவை சட்டப் புத்தகத்திலிருந்து வந்த கேள்விகள் அல்ல. திரையிலிருந்து வந்தவை. ஒரு சமூகம் தன் குடும்ப நீதிமன்றத்தைக் கதைகளில் எப்படிக் கற்பனை செய்திருக்கிறதோ, அப்படித்தான் அதன் முன் போய் நிற்கிறது. ஆகவே அந்தக் கற்பனையை விமர்சிப்பது வெறும் ரசனை சார்ந்த வேலையாக எனக்குப் படவில்லை.

'மௌன ராகம்' (1986) படத்திலிருந்து தொடங்க வேண்டும். வேறு வழியில்லை. விவாகரத்து என்ற சொல்லை நடுத்தரக் குடும்பத்துக் கூடத்துக்குள் சாவகாசமாகக் கொண்டுவந்து வைத்த படம் அது. டெல்லிக்குக் குடிவந்த புது மனைவியிடம் என்ன பரிசு வேண்டும் என்று சந்திரகுமார் கேட்கிறான். திவ்யா விவாகரத்து கேட்கிறாள். வக்கீலிடம் போனால், கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் மனு போட முடியாது என்கிறார். படத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு வருடத்துக்குள் நடக்கிறது.

இந்த ஒரு வருடத்தைத் திரைக்கதை ஆசிரியரின் வசதிக்கான தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதலில் அது மூன்று வருடமாக இருந்தது. 1976 திருத்தம் ஒரு வருடமாகக் குறைத்தது. விதிவிலக்காக, தாங்க முடியாத துன்பம் என்று நிரூபித்தால் முன்னதாகவே மனுவை அனுமதிக்கலாம். அதே 1976 திருத்தம்தான் 13-பி என்ற பிரிவையும் சேர்த்தது. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி அது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து, 'ஆமா, இன்னும் அதே முடிவுதான்' என்று சொல்ல வேண்டும்.

இதில் 'பிரிந்து வாழ்தல்' என்றால் என்ன? திவ்யாவும் சந்திரகுமாரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்? ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்தல்தான் என்று உச்ச நீதிமன்றம் சுரேஷ்டா தேவி வழக்கில் சொன்னது 1991இல். படம் வந்து ஐந்து வருடம் கழித்து! ஒரு சட்டக் கருத்துருவை அது தீர்ப்பாக வருவதற்கு முன்பே ஒரு சமையலறை, ஒரு ஹால், இரண்டு படுக்கைகள் என்று படம் காட்டிவிட்டது. மணிரத்னம் சட்டம் படித்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில் பிரிந்து வாழும் தம்பதிகளை அவரும் நம்மைப் போலவே பார்த்திருப்பார். நம் தெருக்களில் இல்லாததா?

அதே சுரேஷ்டா தேவி தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. சம்மதம் என்பது மனு போட்ட அன்றைக்கு இருந்தால் போதாது, தீர்ப்பாகும் நிமிடம் வரை இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் மனசு மாறினால் பரஸ்பர சம்மத விவாகரத்து இல்லை. ஆக, ரயில் நிலையத்தில் திவ்யா பத்திரத்தைக் கிழிப்பது சட்டத்தை மீறும் சினிமாத்தனம் அல்ல. சட்டமே அந்தக் கிழிப்புக்காக ஆறு மாத இடைவெளி விட்டு வைத்திருக்கிறது. இவ்வளவு தூரம் படமும் சட்டமும் கைகோத்து நடக்கின்றன.

எனக்குச் சிக்கல், படம் தன் வெற்றியால் உருவாக்கிய நம்பிக்கையோடுதான். காத்திருந்தால் மனசு மாறும் என்ற நம்பிக்கை. கடிதங்களில் அது ஒரு ஆயுதமாக வந்துகொண்டே இருந்தது. 'ஒரு வருஷம் பொறுத்துப் பாரும்மா, மௌன ராகத்துல பாக்கலியா' என்று அடி வாங்கிக்கொண்டிருக்கும் மகளிடம் சொன்ன அப்பா ஒருவர் உண்டு. மகள்தான் எழுதியிருந்தாள். சந்திரகுமார் கை ஓங்காதவன், குரல் உயர்த்தாதவன், அவளுடைய பழைய காதலைக் கேட்ட பிறகும் கண்ணியமாக இருப்பவன். அப்படிப்பட்டவனோடு ஒரு வருடம் காத்திருக்கலாம். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் ஒரு வருடத்தை எல்லா வீட்டுக்கும் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். 'ஓ மை கடவுளே' (2020) வரைக்கும் இதே கணக்குதான். அங்கே குடும்ப நீதிமன்றத்திலிருந்து ஆளை வெளியே எடுத்து மறுவாய்ப்பு கொடுக்கக் கடவுளே வருகிறார். ரசிக்கத்தக்க படம், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்ற வராந்தா என்பது நம் திரைக்கதைகளில் யூ-டர்ன் போடுவதற்கு மட்டுமே கட்டப்பட்ட சாலை என்பதை அதுவும் உறுதிப்படுத்துகிறது.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் வேறு விதமாக யோசித்தது. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது, சமரச முயற்சி தோற்றுவிட்டது, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றால், காத்திருக்க வைப்பது வேதனையை நீட்டுவதுதான்; நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. நீட்டப்பட்ட வேதனை என்கிற கோணம், காத்திருப்பை வைத்துப் படமெடுத்த நம் ஆட்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

சொல்லைப் பற்றிக் கொஞ்சம். 'விவாகரத்து' என்கிறோம். விவாகம் வடமொழி, ரத்து உருது வழியாக வந்தது. ரயில் ரத்து, உரிமம் ரத்து போல அரசாங்கத்தனமான சொல். 'மணமுறிவு' என்று நல்ல தமிழில் எழுதுகிறோம். எலும்பு முறிவு மாதிரி வலிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் முன்பிருந்தே ஊர்ப்புறங்களில் ஒரு சொல் புழங்குகிறது: தீர்த்துவிடுதல். 'அத்துவிட்டாச்சு', 'தீத்துவிட்டாங்க' என்பார்கள். அதில் கணக்கு முடித்த தொனி இருக்கிறது. பல சாதிகளில் பஞ்சாயத்தில் உட்கார்ந்து, போட்ட நகையையும் கொடுத்த சீரையும் எண்ணித் திருப்பி, இருவரும் மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. விவாகரத்து மேற்கத்திய இறக்குமதி என்று மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியை விசாரித்துவிட்டு முழங்கலாம். சட்டம்கூட நம்மைவிட நினைவாற்றல் உள்ளது. இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட மணவிலக்கு உரிமையை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே, 1949இல், மதராஸ் மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்து வழங்கும் தனிச் சட்டம் இயற்றியிருந்தது என்பதும் நமக்கு மறந்துபோன ஒன்று.

ஆனால் இந்த இடத்தில்தான் அதிக ஆபத்தும். எங்களுக்கு வந்த கடிதங்களில் மிகச் சகஜமான ஒன்று இது: 'பெரியவங்க முன்னாடி இருபது ரூபா பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம். நோட்டரி கிட்டயும் போயாச்சு. இப்ப எனக்கு வேற இடம் பாக்கறாங்க. செய்யலாமா?' வக்கீல் அம்மா ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுவார். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது விவாகரத்து அல்ல. எங்கள் சமூகத்தில் இந்த வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபித்தால்தான் அந்தத் தீர்வை செல்லும்; நிரூபிக்கும் பாரம் சொல்கிறவர் தலையில். முடியாவிட்டால் இரண்டாவது கல்யாணம் செல்லாது, இருதார மணக் குற்றமாகவும் ஆகலாம். பாட்டிக்குச் சுதந்திரமாக இருந்த வழக்கம் பேத்திக்குப் பொறியாகிவிட்ட கதை இது. கரிசலையும் கொங்கையும் பற்றி இத்தனை எழுதுகிற நம் நாவலாசிரியர்களில் ஒருவராவது இந்த இருபது ரூபாய்ப் பத்திரத்தை நாவலாக்க வேண்டும் என்று ஆசை. பஞ்சாயத்துக் காட்சியோடு நிறுத்திவிடாமல், அந்தப் பத்திரம் எட்டு வருடம் கழித்துச் சார்பு நீதிமன்றத்தில் எடுத்து நீட்டப்படும் நாள் வரை.

குழந்தைக்கு வருகிறேன்.

'தெய்வத்திருமகள்' (2011) ஒரு ஹாலிவுட் படத்தின் சாயல் என்பதைப் பற்றி அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அதில் ஆர்வமில்லை. மனவளர்ச்சி குன்றிய கிருஷ்ணாவிடமிருந்து அவன் மகள் நிலாவை அவளுடைய தாய்வழித் தாத்தா எடுத்துக்கொள்கிறார்; ஒரு இளம் வக்கீல் கிருஷ்ணாவுக்காக வாதாடுகிறாள்; நீதிமன்றத்தில் அப்பாவும் மகளும் பேச்சில்லாமல் சைகைகளாலேயே பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியில் அழாதவர்களை நான் சந்தித்ததில்லை. நானும் விலக்கல்ல.

அந்த நீதிமன்றத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிறைய ஆட்கள். கூண்டு. எதிரெதிர் வக்கீல்கள் கொலை வழக்கு மாதிரி ஒருவரை ஒருவர் மடக்குகிறார்கள். நம் படங்களின் குடும்ப நீதிமன்றம் எல்லாமே செஷன்ஸ் கோர்ட்டின் செட்டில் எடுத்தவை. 1984ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தைப் படித்தால் அது கற்பனை செய்திருக்கும் இடம் முற்றிலும் வேறு. கட்சிக்காரர்களில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி தளர்த்தப்பட்டிருக்கிறது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது நீதிபதியின் கடமை. காகிதத்தில் அது ஒரு உரையாடல் அறை. நடைமுறையில் வராந்தா முழுக்கக் கூட்டம், பெயர் கூப்பிடும் குரல், வாய்தா, கவுன்சலிங் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுமோ என்ற பயத்தில் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள், அம்மா மடியில் ஹோம்வொர்க் எழுதும் பையன். இரண்டில் எதையும் நம் சினிமா எடுக்கவில்லை. சுத்தியல் தட்டி ஆர்டர் ஆர்டர் சொல்லும் நீதிபதியை எடுத்தது. அந்தச் சுத்தியலும் நம் நீதிமன்றங்களில் கிடையாது.

இது வெறும் செட் பிழை என்றால் விட்டுவிடலாம். இந்த செட்டிலிருந்துதான் 'கூண்டுல ஏத்திக் கேப்பாங்களா' என்ற பயம் வருகிறது. குழந்தையின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. பகுத்துச் சொல்லும் வயதுள்ள பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டம். பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் கூப்பிட்டு, பள்ளிக்கூடம், சாப்பாடு என்று சுற்றி வளைத்துப் பேசித் தெரிந்துகொள்வார். இத்தனை வயதானால் பிள்ளை சொல்வதே முடிவு என்ற மந்திர எண் எதுவும் இல்லை. இந்த ஒரு பதிலைச் சற்று மாற்றி மாற்றிப் பலமுறை அச்சிட்டிருக்கிறோம். ஒரு அம்மா எழுதியிருந்தார்: மகளுக்குக் கூண்டில் நின்று பேசிப் பழக்குவதற்காக வீட்டில் ஸ்டூல் போட்டு ஒத்திகை பார்க்கிறாராம். 'நான் ஜீவனாம்சமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன், புள்ளைய அந்தக் கூண்டுல நிக்க வைக்காம இருப்பாங்களா?' என்று முடித்திருந்தார். இந்தக் கேள்விக்கான பதில் மட்டும் அடுத்த இதழ் வரை காத்திருக்கக் கூடாது என்று வக்கீல் அம்மா சொன்னார். முகவரி இருந்ததால் கையாலேயே கடிதம் எழுதிப் போட்டோம். கூண்டு இல்லை, குழந்தைக்கான பராமரிப்பை விட்டுக்கொடுக்க உங்களுக்கே உரிமை இல்லை, அது குழந்தையுடையது, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

திரைப்படத்தின் முடிவுக்குத் திரும்புகிறேன். கிருஷ்ணா வெல்கிறான், பிறகு தானே நிலாவைத் தாத்தா குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அவள் நன்றாகப் படித்து வளர வேண்டும் என்பதற்காக. பார்வையாளர்கள் இதைத் தியாகம் என்று வாசித்தார்கள். நான் இதை ஒரு திருட்டு என்று வாசிக்கிறேன். பெரிய திருட்டில்லை, கதைகள் எப்போதும் செய்வதுதான். குழந்தையின் நலனே முதன்மை என்பது சட்டத்தின் கோட்பாடு. தகப்பனின் உரிமை, தாயின் உரிமை எல்லாம் அதற்குக் கீழேதான். 1973இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படம் இந்த அறிவை நீதிபதியிடமிருந்து எடுத்து நாயகனின் நெஞ்சில் வைக்கிறது. அதனால் அது விவாதமாக இல்லாமல் கண்ணீராகிறது.

அதைவிடப் பெரிய குறை, படத்துக்கு மூன்றாவது வழி தெரியவில்லை. குழந்தை அப்பாவிடம், இல்லையென்றால் தாத்தாவிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாமே? கோடை விடுமுறையில் பாதி? ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன்? உண்மையான குடும்ப நீதிமன்றங்களின் முக்கால்வாசி சண்டையும் சமாதானமும் இந்தச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது. முதல் சனி, மூன்றாவது சனி, காலை பத்து முதல் ஒரு மணி வரை, நீதிமன்ற வளாகத்தில் பொம்மைகள் போட்ட அறையில். அப்பா வாங்கி வந்த சட்டை அளவு பத்தாமல் போவது, ஏனென்றால் அவர் மனதில் பிள்ளை இன்னும் போன வருட உயரத்தில் இருக்கிறான். இதை ஒரு அப்பா எழுதியிருந்தார். அவருடைய கேள்வி என்னமோ இடைக்கால மனுவில் நேரத்தைக் கூட்டிக் கேட்க முடியுமா என்பதுதான். முடியும், குழந்தை தொடர்பான உத்தரவு எதுவுமே கல்லில் எழுதியதில்லை, நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். நான் வெட்டிய வரிகளில் அந்தச் சட்டை இருந்தது. தமிழ் சினிமாவில் அந்தச் சட்டைக்கு இடமில்லை. தீர்ப்பில் முடிய வேண்டும் நமக்கு. தீர்ப்புக்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளுக்கு நம்மிடம் வடிவம் இல்லை.

சட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போவதாகத் தோன்றலாம். சட்டமும் மொழியால் ஆனதுதான், அதற்கும் விமர்சனம் தேவை. 1956ஆம் வருட இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்கிறது. (ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. 'அஞ்சு வயசு வரைக்கும்தான் எனக்கு, அப்புறம் பிடுங்கிடுவாங்களா' என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. இல்லை, அப்படித் தானாகக் கைமாறாது.) 'அவருக்குப் பின்' என்றால் என்ன பொருள்? தமிழில் இதைச் சொன்னால் யாருக்கும் சந்தேகமே வராது. 'அவருக்குப் பிறகு' என்றாலே சாவு வீடு. அதாவது கணவன் உயிரோடு இருக்கும்வரை தாய் காப்பாளர் அல்ல.

இந்தச் சொல்லோடு மல்லுக்கு நின்றவர் ஒரு நாவலாசிரியர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல். கோவையில் பிறந்த கீதா ஹரிஹரன். மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க 1984இல் கணவரும் அவரும் விண்ணப்பித்தபோது, தாய் காப்பாளராகக் கையெழுத்திட முடியாது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. கணவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கும் இதில் சம்மதம், அப்படியும். இத்தோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது வந்தனா சிவாவின் மனு. அவருடையது மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த நிலையில் எழுந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் பிரிவை ரத்து செய்யவில்லை. 'பின்' என்ற சொல்லுக்குப் புது வாசிப்பு கொடுத்தது: இறந்த பின் என்று இல்லை, தகப்பன் 'இல்லாத நிலையில்' என்று படிக்க வேண்டும், அக்கறை காட்டாமல் இருப்பதும், வேறிடத்தில் இருப்பதும், இருவருமாக ஒப்புக்கொண்டு தாயிடம் விடுவதும்கூட இல்லாமைதான்.

புத்திசாலித்தனமான வாசிப்பு. ஆனால் ஒரு நல்ல வாசகர் எங்கே நின்றுவிட்டார் என்றும் பார்க்க வேண்டும். தகப்பன் முதலில், தாய் அவர் இல்லாதபோது என்ற வரிசை அப்படியே இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல் இன்றும் அச்சில் நிற்கிறது. பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பள்ளிக்கூட அலுவலக அறையிலும் 'அப்பா கையெழுத்து எங்க?' என்று கேட்கிற குமாஸ்தா தீர்ப்பைப் படித்தவர் அல்ல, படிவத்தைப் படித்தவர்.

சினிமாவிலிருந்து சட்டத்துக்கும் போக்குவரத்து உண்டு என்று எனக்குத் தோன்றவைத்தது தாலி. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பிரிந்து போகும்போது மனைவி தாலியைக் கழற்றியது கணவனுக்கு இழைத்த மனரீதியான கொடுமையின் உச்சம் என்று குறிப்பிட்டது. செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. தாலியைக் கழற்றியதே திருமணத்தை முடிக்கப் போதும் என்று சொல்லவில்லை, மற்ற ஆதாரங்களோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? சட்டப்படி பார்த்தால் சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின் கீழ் தாலியே வேண்டாம். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தாலி இல்லாமலே கல்யாணத்தை ஏற்கிற ஒரு மாநிலத்தில், தாலியைக் கழற்றுவது கொடுமையின் உச்சம் என்ற வாக்கியத்துக்குப் பின்னால், கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாற்பது வருட குளோசப்கள் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கடிதம் எழுதியவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. தாலியை அடகு வைத்து வக்கீல் பீஸ் கட்டிய ஒருவர்கூட, அதைக் கழற்றியதாக எதிர்த்தரப்பு சொல்லிவிடுமோ என்று கேட்டிருந்தார்.

இலக்கியம் இதைவிட மேலாகச் செய்திருக்கிறதா? ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' எனக்கு நினைவுக்கு வருகிறது. கல்யாணிக்கும் ரங்காவுக்கும் இடையே வில்லன் யாரும் இல்லை. பகையில்லாமல் பிரிய நினைப்பவர்களை வைத்து அவ்வளவு பக்கம் பேச வைத்ததே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் கல்யாணியின் கால்கள் செயலிழக்க, அவன் திரும்பி வந்துவிடுகிறான். ஜெயகாந்தனாலும் பிரித்து வைத்திருக்க முடியவில்லை. அவரைவிடச் சின்ன ஆட்களைக் குறை சொல்லி என்ன?

ஒரே ஒரு படம் எனக்கு மீதி இருக்கிறது. பாலசந்தரின் 'அவர்கள்' (1977). சம்மத விவாகரத்தைக் கொண்டுவந்த சட்டத்திருத்தத்துக்கு அடுத்த வருடம் வந்த படம். அதில் விவாகரத்து முடிவு அல்ல, கதை தொடங்கும்போதே ஏறக்குறைய நடந்து முடிந்த விஷயம். கொடுமைக்காரக் கணவன் ராமநாதனிடமிருந்து விலகிக் கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் அனு. பேசும் பொம்மை, மூன்று ஆண்கள் என்று பாலசந்தருக்கே உரிய ஜோடனைகள் தாராளமாக உண்டு. சில இடங்களில் பொம்மை போதும்ப்பா என்று இருக்கும். ஆனால் விவாகரத்துக்குப் பிறகான வாழ்க்கையின் ஒரு உண்மையை அது பிடித்திருக்கிறது. ராமநாதன் திருந்தியவன் போலத் திரும்பி வருகிறான். சட்டம் அறுத்துவிட்ட உறவு, திருந்துகிறேன் என்ற ஒரு சொல்லால் மறுபடி வீட்டு வாசலில் நிற்கிறது. வேறு எந்தப் படத்திலும் அந்த மனமாற்றம் கடைசிக் காட்சி. பாலசந்தர் அதை நடுவில் வைத்து, அது நடிப்பு என்று காட்டுகிறார். பத்திரத்தைக் கிழிக்க வந்த கணவனை நம்பாத தமிழ்ப் படம் என்ற வகையில் அதற்கு என் மரியாதை.

அதில் இன்னொருவர் இருக்கிறார். ராமநாதனின் தாய். மகன் செய்ததற்கு ஈடாக, தான் யாரென்று சொல்லாமல் அனுவின் வீட்டில் வேலைக்காரியாக வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர். கடைசியில் அனு எல்லாரையும் விட்டுவிட்டு ரயிலேறும்போது அந்த மாமியார் கூடப் போகிறார். திவ்யாவின் ரயில் நிறுத்தப்படுகிறது, அனுவின் ரயில் போய்விடுகிறது. இரண்டில் எனக்கு இந்த ரயில்தான் பிடிக்கும்.

முன்னாள் மாமியார் என்ற உறவுக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. விவாகரத்துத் தீர்ப்பு கணவனையும் மனைவியையும் பற்றியது. தாத்தா பாட்டிகள் பேரனைப் பார்க்க மனு போடலாம், குழந்தையின் நலனுக்கு உகந்தது என்றால் நீதிமன்றங்கள் அனுமதிப்பதும் உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கள் பகுதிக்கு ஒரு அம்மாளிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் டைவர்ஸ் ஆகி எட்டு மாதம். மகன் வேறு ஊரில், வேறு கல்யாணம். 'எனக்கு மருமகளோடதான் இருக்கணும்னு இருக்கு. பேத்தியும் என்னை விட மாட்டேங்குது. அவளும் வாங்கங்கறா. ஆனா டைவர்ஸ் ஆன மருமக வீட்டுல மாமியா இருந்தா கோர்ட் ஏதும் சொல்லுமா?'

ஏழரை மணிக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன். குக்கர் சத்தம் நின்றது. 'எந்தச் சட்டமும் குறுக்கே நிக்காது, தாராளமா இருக்கச் சொல்லு' என்றார் வக்கீல் அம்மா. கேள்வியை ஒரு எழுத்துகூட வெட்டாமல் போட்டேன்.